மடியில் வைத்த பை

ஜூலை 7, திங்கள்

தையல் மெஷினுக்கு அடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா குறட்டை விடுகிறார். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். அம்மாவின் செல்போன் டார்ச்சை ஒரு பிளவுஸ் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். வெளிச்சம் உள்ளங்கை அளவுக்குத்தான் விழுகிறது. போதும்.

போன வருஷக் கணக்கு நோட்டில் பின்பக்கம் நிறையக் காலியாக இருக்கிறது. எழுதி முடித்ததும் துண்டுத்துணி மூட்டைக்குள் செருகிவிடுவேன். அதை அம்மா தீபாவளிக்கு முன்னால் பிரிக்கமாட்டாள்.

எல்லாவற்றையும் எழுதப்போவதில்லை. நல்லதை மட்டும் எழுதுவேன்.

இன்று நல்லது: சுரேந்தர் அண்ணனின் பைக் சர்வீசுக்குப் போயிருந்தது.

சுரேந்தர் அண்ணன் எங்கள் ஓனர் அம்மாவின் மகன். அவர்கள் மாடியில், நாங்கள் கீழே ஒற்றை அறையில். பிளஸ் ஒன்னில் சேர்ந்ததும் ஒரு டிரஸ்ட் நடத்தும் இலவச வகுப்புக்கு என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து நான் ஒருத்திதான். திங்கள், புதன், வெள்ளி மாலைகளில், ஆயிரம் விளக்கில். சுரேந்தர் அண்ணனுக்கு மவுண்ட் ரோடு பக்கம் செல்போன் கடை. அதனால் ஜூன் மாதத்திலிருந்து அவர்தான் பைக்கில் கொண்டுபோய் விட்டு, திரும்பக் கூட்டிவருகிறார். "கூடப் பொறந்த அண்ணன்கூட இப்டி செய்யமாட்டான்" என்று அப்பா எல்லோரிடமும் சொல்கிறார்.

இன்று பைக் இல்லாததால் அப்பா வேறு வழியில்லாமல் மெட்ரோவில் போகச் சொன்னார். டிரஸ்டில் முதல் நாளே ஒரு டிராவல் கார்டு கொடுத்திருந்தார்கள். இன்றுதான் அதைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்தேன்.

ஸ்டேஷன் எங்கள் வண்ணாரப்பேட்டையிலேயே, பால் பூத்தைத் தாண்டினால் வந்துவிடும். அதன் வாசலில் மழைக்கு ஒதுங்கியிருக்கிறேன், பூ வாங்கியிருக்கிறேன். உள்ளே இறங்கியதில்லை. அம்மாவுக்கு எஸ்கலேட்டர் என்றாலே ஆகாது. ஒரு துணிக்கடையில் அவள் முந்தானை அதில் சிக்கி, ஊரே கூடி இழுத்தது. அன்றிலிருந்து எஸ்கலேட்டர் இருக்கும் எந்த இடத்துக்கும் வரமாட்டாள். நானும் போனதில்லை.

மேலே ரோட்டில் ஆட்டோ, தள்ளுவண்டி, "வாங்கக்கா, உள்ள வந்து பாருங்கக்கா" என்று கூப்பிடும் துணிக்கடைக்காரர்கள். படியில் இறங்க இறங்க யாரோ ரேடியோவைக் குறைத்துக்கொண்டே வருவது மாதிரி சத்தம் அடங்கியது. கீழே குளிர். முகம் தெரிகிற தரை. கல்யாண மண்டபத்தைவிடப் பெரிய இடம். வெயிலே வராத ஆழத்தில் அவ்வளவு வெளிச்சம். இதைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டா இத்தனை நாள் மேலே குடத்தைத் தூக்கிக்கொண்டு இடித்துக்கொண்டு நடந்தோம்?

பையை மெஷினில் போடச் சொன்னார்கள். நான் போடவில்லை. கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். செக்யூரிட்டி அக்கா ஒருத்தி என்னைப் பார்த்தாள். சட்டையில் எஸ்தர் என்று பெயர் குத்தியிருந்தது.

"இன்னாம்மா, புதையலா வச்சினுகீறே? இந்தாண்ட போடு, அந்தாண்ட போய் நீயே எடுத்துக்கோ. எவனும் தொடமாட்டான்."

போட்டேன். ரப்பர் திரைக்குள் போன பை அந்தப் பக்கம் அப்படியே வந்தது. ஓடிப்போய் எடுத்துக்கொண்டேன்.

பிறகு திரை போட்ட ஒரு மறைவுக்குள் போகச் சொன்னார்கள். துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டேன். எஸ்தர் அக்கா கையிலிருந்த கருவியை என்னைச் சுற்றிக் காற்றில் ஓட்டினாள். மேலே படவேயில்லை. "போம்மா" என்றாள். அவ்வளவுதான்.

பிளாட்பாரத்தில் நீளமாகக் கண்ணாடிச் சுவர். ரயில் வந்து நின்றதும் ரயிலின் கதவும் கண்ணாடியின் கதவும் ஒன்றாகத் திறந்தன. ஒரு விரற்கடை கூட முன்னே பின்னே இல்லை. நான் ஏற மறந்துவிட்டேன். அடுத்த ரயிலில்தான் போனேன்.

மண்ணடியில் ஃபர்ஹானா ஏறினாள். அவளும் எங்கள் வகுப்புதான். வந்ததும் என் பையைத் தட்டினாள்.

"என்னடி, சீட்டு காலியா இருக்கு, கொழந்தையாட்டம் மடியில வச்சிருக்க? பால் குடுத்தியா?"

பெட்டியில் இருந்த ஒரு ஆன்ட்டிகூடச் சிரித்தார். நானும் சிரித்தேன். பையை மடியிலேயே வைத்திருந்தேன்.


ஜூலை 8, செவ்வாய்

பைக் வந்துவிட்டது.


ஜூலை 9, புதன்

சென்ட்ரல் சிக்னலில் சுரேந்தர் அண்ணன் பையை முன்னால் கேட்டார். எப்போதும் கேட்பதுதான். "கனமா இருக்கும் லோகு. குடு, டேங்க் மேல வச்சுக்கறேன்." கனமில்லை அண்ணா என்றேன். வாங்கி வைத்துக்கொண்டார். எங்களுக்கு நடுவில் அந்தப் பை ஒன்றுதான் இருந்தது.

பைக்கின் இடது பக்கக் கண்ணாடியில் ரோடு தெரியாது. என் முகம்தான் தெரியும்.

இன்று நல்லது: கெமிஸ்ட்ரி தேர்வில் முழு மார்க். ஸார் என் பேப்பரை வகுப்பில் காட்டினார். பின்பக்கத்தில் நான் மெட்ரோ கண்ணாடிக் கதவை வரைந்திருந்தேன், அதையும் சேர்த்துக் காட்டிவிட்டார்.


ஜூலை 11, வெள்ளி

அம்மா புடவைக்கு ஃபால்ஸ் அடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நூல் வெட்டிக் கொடுத்தேன்.

"அம்மா, பைக்ல போனா தலை சுத்துது."

"எலுமிச்சம்பழம் தரேன், மோந்துக்கினே போ."

"நெஜமாம்மா. வேணாம்மா பைக்."

அம்மா மெஷினை நிறுத்தினாள். அந்த நேரம் பார்த்து மாடியில் ஓனர் அம்மா இருமினாள். அவள் இருமினால் எங்களுக்குக் கேட்கும். நாங்கள் பேசினால் அவர்களுக்குக் கேட்கும். இந்த வீட்டில் எதையாவது சொல்ல வேண்டும் என்றால் மெஷின் ஓடும்போதுதான் சொல்ல வேண்டும், மெஷின் ஓடினால் அம்மாவுக்குக் கேட்காது.

"ஒண்ணுமில்லம்மா" என்றேன்.

கிளம்பும்போது எலுமிச்சம்பழம் கொடுத்தாள். துப்பட்டாவில் ஊக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போதிலிருந்து வெளியே போகும்போதெல்லாம் ஒரு ஊக்கு அதிகமாகக் குத்தி அனுப்புகிறாள். எதற்கு என்று கேட்டால், "பஸ்ல போறவளுக்குத் தெரியும்" என்பாள். நான் பஸ்ஸில் போவதில்லை.

சொல்லலாம். சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரியும். பக்கத்துத் தெரு சங்கவி, ஒருத்தன் பின்னாலேயே வருகிறான் என்று வீட்டில் சொன்னாள். அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவன் இன்னமும் டீக்கடையில் நிற்கிறான்.

எனக்கு இந்த வகுப்பு வேண்டும்.

இன்று நல்லது: எலுமிச்சம்பழம் நல்ல வாசனை.


ஜூலை 14, திங்கள்

செய்துவிட்டேன்!

வகுப்பு முடிந்ததும் முன் கேட்டில் சுரேந்தர் அண்ணன் நிற்பார். நான் ஃபர்ஹானாவோடு பின் கேட் வழியாக வந்து ஸ்டேஷனுக்குள் இறங்கிவிட்டேன். இறங்கின பிறகுதான் மூச்சு விட்டேன்.

ஆயிரம் விளக்கு ஸ்டேஷனும் அழகு. ஆனால் எங்கள் ஸ்டேஷன் அளவுக்கு இல்லை. ஃபர்ஹானா ஒத்துக்கொள்ளவில்லை. மண்ணடிதான் பெரிது, மண்ணடிதான் குளிர்ச்சி என்று சண்டை போட்டாள். "உங்க ஸ்டேஷன்ல இறங்கினா புடவை வாங்கலாம். எங்க ஸ்டேஷன்ல இறங்கினா கப்பலுக்கே இரும்பு வாங்கலாம்டி" என்றாள்.

ரயில் சுரங்கத்துக்குள் போகும்போது ஜன்னல் முழுக்கக் கருப்பாகி, கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. இந்தக் கண்ணாடியில் என்னை நான் மட்டும்தான் பார்த்தேன். தலை கலைந்திருந்தது. அவசரமில்லாமல் சரிசெய்துகொண்டேன். எங்களுக்கு மேலே ஐகோர்ட் இருக்கும், பஸ் ஸ்டாண்டு இருக்கும், மீன் கூடைகள் போய்க்கொண்டிருக்கும். அத்தனையையும் தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டு இந்தச் சுரங்கம் அசையாமல் நிற்கிறது. இதைத் தோண்டினவர்களுக்குப் பயமாக இருந்திருக்காதா? மண் சரிந்துவிடும் என்று நினைத்திருக்கமாட்டார்களா? பயந்துகொண்டே தோண்டியிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து, பாத்திரம் தேய்த்து, குடத்தில் தண்ணீர் பிடித்து வைத்தேன். அப்பா வந்தார். அவர் பின்னாலேயே சுரேந்தர் அண்ணன் வந்தார்.

"இன்னா அங்கிள், நா அங்க நாயாட்டம் நின்னுனு இருக்கேன். உங்க பொண்ணு மகாராணியாட்டம் ட்ரெயின்ல வந்துட்டாங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அப்பா சிரிக்கவில்லை.

"உனக்காக ஒருத்தன் கடைய வுட்டுட்டு வந்து நிக்கிறான். ஒரு வார்த்த சொல்லணும்னு தோணல உனக்கு? சாரி கேளு."

சாரி அண்ணா என்றேன்.


ஜூலை 16, புதன்

பைக். நல்லது ஒன்றும் ஞாபகம் வரவில்லை. தூக்கம் வருகிறது.


ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. அப்பாவுக்கு இனிமேல் கடையில் உட்காரக்கூட நேரம் கிடையாது. புடவைக்கடை சேல்ஸ்மேனுக்கு ஆடி மாதம் முழுவதும் நின்றுகொண்டே இருப்பதுதான் வேலை. அம்மாவுக்கும் ஓரம் மடித்துப் பீகோ அடிக்க மலைபோல் புடவை வந்திருக்கிறது.

மாடியிலிருந்து தூக்குவாளியில் கூழ் வந்தது. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக்கூடாது என்று அம்மா ஒரு பிடி சர்க்கரை போட்டு என்னிடம் கொடுத்தாள். மாடிப்படியில் பாதி ஏறினேன். மேலே சுரேந்தர் அண்ணனின் குரல் கேட்டது. வாளியைப் படியிலேயே வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

சாயங்காலம் ஓனர் அம்மா கீழே வந்து, "இன்னா அம்சவேணி, சக்கரைய எறும்புக்கா அனுப்புனே?" என்று கேட்டாள்.

அம்மா அவளிடம் ஏதோ சொல்லிச் சமாளித்தாள். பிறகு ரொம்ப நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பொத்தான் டப்பாவில் நிறம் பிரித்துக்கொண்டிருந்தேன்.


ஜூலை 18, வெள்ளி

அப்பாவிடம் கேட்டுவிட்டேன். ஃபர்ஹானாவோடு மெட்ரோவிலேயே போய் வருகிறேன், கார்டு இருக்கிறது, கதவெல்லாம் தானாக மூடும், போலீஸ் மாதிரி அக்காக்கள் இருக்கிறார்கள், எல்லா இடத்திலும் கேமரா. கேட்பதற்கு முன்னால் பாத்ரூமில் நின்று சொல்லிப் பார்த்திருந்தேன்.

"ரெண்டு பொம்பளப் பசங்க பூமிக்கு அடியில போறீங்க. நடுவுல கரண்ட் போச்சுன்னா இன்னா பண்ணுவீங்க?"

"போகாதுப்பா."

"நம்ம வீட்டுலயே போவுது."

"அப்பா…"

"சுரேந்தர் தம்பி இருக்கச்சொல்ல இன்னாத்துக்கு ட்ரெயினு? அவன்கூட போறதுன்னா போ. இல்லாட்டி கிளாசும் வேணாம் ஒண்ணும் வேணாம், அம்மாவுக்கு ஹூக்கு தச்சினு வீட்டுல இரு."

பைக்கில் போனேன்.


ஜூலை 21, திங்கள்

திரும்பி வரும்போது பைக்கை ஓட்டிக்கொண்டே சொன்னார். புதன்கிழமை வேறு வழியாகப் போகலாம், துறைமுகத்துக்குப் பின்பக்கமாக. அந்த ரோட்டில் சிக்னலே கிடையாதாம், காற்று நன்றாக வருமாம். கிளாசுக்கு ஒருநாள் லேட்டானால் ஒன்றும் ஆகாதாம். வீட்டில் சொல்ல வேண்டாமாம்.

நாளை மறுநாள்.


ஜூலை 23, புதன்

நல்லதை மட்டும் எழுதுவேன் என்று சொன்னதை இன்று விட்டுவிடுகிறேன். நிறைய இருக்கிறது.

பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்கே போகவில்லை. யூனிஃபார்மோடு நேராக ஸ்டேஷனில் இறங்கி, வகுப்புக்குப் போய்விட்டேன். ஸார் போர்டில் எழுதியது ஒன்றும் ஏறவில்லை. திரும்பும்போது மண்ணடியில் இறங்கிய ஃபர்ஹானா, "மூஞ்சி ஏன்டி பிழிஞ்ச எலுமிச்சம்பழமாட்டம் இருக்கு? வீட்டுக்குப் போய் போன் பண்ணு" என்றாள்.

எங்கள் ஸ்டேஷனில் கேட்டைத் தாண்டிப் படியேறினேன். மேலே வாசலில் பைக் நின்றிருந்தது. அதன்மேல் சாய்ந்துகொண்டு அவர். செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்ததால் என்னைப் பார்க்கவில்லை. எந்த வாசலில் ஏறினாலும் எங்கள் தெருவுக்கு அவரைத் தாண்டித்தான் போகவேண்டும்.

இறங்கி வந்து மறுபடியும் கார்டை வைத்து உள்ளே போய்விட்டேன். பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அப்பா கடை முடிந்து இந்த வழியாகத்தான் வீட்டுக்கு நடந்து வருவார். அதுவரை இங்கேயே இருந்துவிட்டால் போதும் என்று நினைத்தேன்.

பையை மடியில் வைத்துக்கொண்டு பௌதிகப் புத்தகத்தைப் பிரித்தேன். ரயில்கள் வந்தன, போயின. ஒவ்வொரு தடவையும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதலில் ஒரு வெளிச்சம் சுவரில் ஊர்ந்து வரும், பிறகுதான் ரயில் வரும். கதவு திறக்கும், ஆட்கள் கொட்டுவார்கள், எஸ்கலேட்டர் அவர்களை மேலே எடுத்துக்கொண்டு போய்விடும். மறுபடியும் தரை மட்டும் பளபளவென்று கிடக்கும். யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. இவ்வளவு பயத்திலும் ஒரு பாடம் படித்து முடித்தேன். வீட்டில் இப்படி ஒரு மேஜை, இப்படி ஒரு வெளிச்சம், இப்படி ஒரு அமைதி எனக்குக் கிடைத்ததே இல்லை. இங்கே மேஜையும் இல்லை. ஆனாலும்.

அப்பா வரும் நேரம் என்று எழுந்துபோய்க் கேட்டில் கார்டை வைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்து வைத்தேன். சிவப்பு. கேட் கத்தியது.

கார்டில் கழித்துக்கொண்டால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உள்ளே இருக்கலாம் என்று நினைத்துவிட்டேன். பீச்சில், பார்க்கில், எழும்பூர் ஸ்டேஷன் பெஞ்சில் யார் கேட்கிறார்கள்? இங்கே ரயில் ஏறிப் போகத்தான் உள்ளே விடுவார்களாம். போகாமல் அதிக நேரம் இருந்தால் கேட்டுக்குத் தெரிந்துவிடுமாம்.

ஒருவர் என்னைக் கூட்டிக்கொண்டுபோய் ஸ்டேஷன் மேடத்திடம் விட்டார். அவர் கார்டை வாங்கிக் கம்ப்யூட்டரில் பார்த்தார்.

"இதே ஸ்டேஷன்ல உள்ள போயிருக்க. இவ்வளவு நேரமா எங்கயும் போகல. உள்ள என்ன பண்ணின?"

"படிச்சேன் மேடம்."

"வீடு எங்க?"

"இங்கதான் மேடம். பால் பூத்துக்குப் பின்னாடி."

"வீடு பக்கத்துல இருக்கு, இங்க உக்காந்து படிச்சியா?" அவர் திட்டவில்லை. என்னையும் பையையும் பார்த்தார். "வீட்டு நம்பர் சொல்லு."

அப்பாவின் நம்பரைச் சொன்னேன். போனில் கடைச் சத்தம் எனக்கே கேட்டது. "மேடம், ஆடிக் கூட்டம் மேடம், நா நகர முடியாது. இன்னிக்கி லேட்டாவும். எங்க ஓனர் பையன் அங்கதான் எங்கயாவது இருப்பான், அவனை அனுப்பறேன், அவன்கூட அனுப்பிச்சிடுங்க மேடம்."

அவர் வந்தார். கையில் பைக் சாவியைச் சுழற்றிக்கொண்டே வந்தார்.

"தங்கச்சி மேடம். கொஞ்சம் வெளையாட்டுத்தனம். சாரி மேடம். வா லோகு, பையக் குடு, போலாம்."

"இவர் உனக்கு யாரும்மா?" என்று மேடம் கேட்டார்.

"ஓனர் அம்மா பையன்."

"கூடப் போறியா?"

மாட்டேன் என்பது சின்னச் சொல்தான். வரவில்லை. சுரேந்தர் அண்ணன் பையின் வாரைப் பிடித்தார். நான் இரண்டு கைகளாலும் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். அவர் இழுத்தார். நான் விடவில்லை. என் வாழ்க்கையில் நான் விடாமல் பிடித்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

"தம்பி, கைய எடு."

எஸ்தர் அக்கா ஸ்கேனர் பக்கத்திலிருந்து வந்துவிட்டிருந்தாள்.

"ஏங்க, எங்க வூட்டுப் பொண்ணுங்க."

"உங்க வூட்டுப் பொண்ணு ஏன் உன்னப் பாத்து இப்டி நடுங்குது? மொத நாளு எம் மெஷினுக்கே பையக் குடுக்காத பொண்ணு இது. கைய எடுன்னு சொன்னேன்."

அவர் கையை எடுத்தார். மேடம் எழுந்து நின்றார். "அம்மா நம்பர் சொல்லும்மா. அம்மா வந்தா அனுப்பறேன். சார், நீங்க அந்தப் பக்கம் நில்லுங்க."

அம்மா போனை எடுத்தாள். மேடம் பேசினார். "பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகல, கீழ வந்து கூட்டிட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னார்.

அம்மா வரமாட்டாள் என்று நினைத்தேன். ஸ்டேஷன் வாசல் வரை வந்து, மேலேயே நின்று, யாரையாவது அனுப்புவாள் என்று நினைத்தேன்.

எஸ்கலேட்டரில் முதலில் அவள் கால் தெரிந்தது. செருப்பு இல்லை. பிறகு முழங்கால் வரை கொத்தாகத் தூக்கிப் பிடித்த புடவை. இடுப்பில் செருகியிருந்த கத்தரிக்கோல். தோளில் மஞ்சள் நூல் ஒட்டியிருந்தது. என் அம்மா எஸ்கலேட்டரில் இறங்கி வந்தாள். நிற்கக்கூட இல்லை. ஓடுகிற படியில் இவளும் ஓடி வந்தாள்.

மேடம் கேட்டைத் திறந்துவிட்டார். அம்மா என் முகத்தை, கையை, காலைப் பார்த்தாள். லிஃப்டுக்குப் பக்கத்தில் இருந்த பெஞ்சுக்கு என்னைக் கூட்டிப்போய் உட்காரவைத்தாள்.

"இன்னாடி?"

நான் தலைக்கு மேலே பார்த்தேன். உயரமான கூரை. அதற்கு மேலே ரோடு. இங்கே மாடியில் ஓனர் அம்மா இல்லை. யாருடைய இருமலும் இல்லை.

"அம்மா, அவரு பையை முன்னால வாங்கி வச்சிக்கிறாரு."

அம்மா எந்தப் பை என்று கேட்கவில்லை. வைத்தால் என்ன என்று கேட்கவில்லை. அவள் கை மெதுவாக என் துப்பட்டாவுக்கு வந்து, அந்த ஊக்கின்மேல் நின்றது.

"அப்புறம்?"

"கண்ணாடிய என் பக்கம் திருப்பி வச்சிக்கிறாரு. இன்னிக்கி துறைமுகத்துக்குப் பின்னால போலாம்னாரு. நா போகலம்மா. இங்கயே உக்காந்துட்டேன்."

"எத்தினி நாளா?"

"கிளாஸ் ஆரம்பிச்சதுலேருந்து. அம்மா, கிளாஸ நிறுத்திடாதம்மா."

"உன்ன எதுக்குடி நிறுத்தறேன்?" என்றாள். "நீ இன்னாடி பண்ணே?" அப்போதுதான் அவள் அழுதாள். முந்தானையால் ஒரு தடவை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அவன் டிக்கெட் கவுன்ட்டர் பக்கம் நின்றிருந்தான். "போலாமா ஆன்ட்டி? வண்டி மேலதான் நிக்குது."

"நீ போ தம்பி."

"இல்ல ஆன்ட்டி, இவள நா…"

"வண்டில இருக்கற கண்ணாடிய ரோட்டப் பாத்து திருப்பி வச்சிக்கினு போ" என்றாள் அம்மா. குரலை உயர்த்தவேயில்லை. "காலையில நா மாடிக்கு வரேன். உங்க அம்மாகிட்ட பேசணும்."

அவன் முகத்தைப் பார்த்தேன். முதல் தடவையாக நேராகப் பார்த்தேன். சாவி சுழலவில்லை. படியேறிப் போய்விட்டான்.

எஸ்தர் அக்கா அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்தாள். அம்மா குடித்துவிட்டு, மேலே போகும் எஸ்கலேட்டரைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"அய்யய்யோ, இதுல எப்டிடி ஏர்றது?"

"இதுலதானேம்மா இறங்கி வந்தே?"

"நானா? எப்போ?"

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை.


ஜூலை 24, வியாழன்

நேற்று ராத்திரி அப்பா வந்ததும் அம்மா மெஷினை ஓடவிட்டுச் சொல்லவில்லை. நிறுத்திவிட்டுச் சொன்னாள். மாடிக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னாள்.

அப்பா முதலில், "இவ எதையாவது தப்பா நெனச்சிகினு…" என்று ஆரம்பித்தார்.

"நீங்க அவன நல்லவன்னு நெனச்சீங்க. நானும் நல்லவன்னு நெனச்சேன். நம்ம ரெண்டு பேரு நெனப்புக்கு நடுவுல புள்ள தனியா மாட்டிக்கினு இருந்திருக்குது."

அப்பா தட்டைத் தள்ளிவைத்துவிட்டார். என்னைப் பார்க்கவில்லை. கோபம் என்று நினைத்தேன். படுத்த பிறகு குறட்டைச் சத்தமே வரவில்லை. நானும் எழுதி முடித்துவிட்டு வெகுநேரம் விழித்திருந்தேன்.

இன்று காலை அம்மா மாடிக்குப் போனாள். இந்த வீட்டில் எல்லாம் கேட்கும் என்பது முதல் தடவையாக எனக்கு நல்லதாகப் பட்டது. ஓனர் அம்மா கத்தினாள். என் மகனைப் பற்றி எவளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை, உன் பெண்ணின் லட்சணம் எனக்குத் தெரியாதா, வீட்டைக் காலி பண்ணு என்றாள்.

"காலி பண்றேன்" என்று அம்மாவின் குரல் கேட்டது. "அதுக்கு முன்னால எம் பொண்ணு பின்னாடி இன்னொரு தபா உங்க பையன் வந்தான்னா, மாடிக்கு வரமாட்டேன். மகளிர் போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் போவேன்."

இறங்கி வந்து, நின்றுபோன இடத்திலிருந்து பீகோவை அடித்தாள். கோடு கொஞ்சம்கூட வளையவில்லை.

வீட்டு புரோக்கர் போனில், எந்த ஏரியா வேணும் என்று கேட்டார். எந்த ஏரியாவா இருந்தாலும் சரி, நடந்துபோகிற தூரத்தில் மெட்ரோ ஸ்டேஷன் இருக்கவேண்டும் என்றாள் அம்மா. புரோக்கர், அதெல்லாம் பெரிய ஆபீசருங்க கேக்கறதும்மா என்று சிரித்தாராம். "எங்க வூட்லயும் ஒரு ஆபீசர் வருது, பாருங்க" என்றாளாம்.

இப்போது அம்மா தூங்கவில்லை. சுவர்ப் பக்கம்தான் திரும்பியிருக்கிறாள். ஆனால் தூங்கும்போது அவள் தோள் இப்படி இருக்காது. நான் எழுதுவது அவளுக்குத் தெரியும் போலிருக்கிறது. எப்போதிலிருந்து தெரியும் என்று தெரியவில்லை.

டார்ச்சைச் சுற்றியிருந்த துணியை எடுத்துவிட்டேன். எழுத்து நன்றாகத் தெரிகிறது.


ஜூலை 25, வெள்ளி

ஆடி வெள்ளி. கடையில் கால் வைக்க இடமிருக்காது. அப்படியும் அப்பா முதலாளியிடம் சொல்லிவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். "வா, நா வந்து வுடறேன்" என்றார். இரண்டு நாட்களில் என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு.

தெருவில் நடந்தோம். பால் பூத் பக்கம் வந்ததும் பழக்கத்தில் என் பையை வாங்கக் கை நீட்டினார். பாதியில் அந்தக் கை நின்றுவிட்டது.

"நீயே வச்சிக்கோ" என்றார்.

கொஞ்சதூரம் போனதும், "கனமா இருந்தா சொல்லு" என்றார்.

கீழே இறங்கினோம். அப்பா தரையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், செருப்பைக் கழற்றலாமா என்று யோசிப்பதுபோல நின்றார். எஸ்தர் அக்கா என்னைப் பார்த்ததும், "இன்னா, புதையல் இன்னிக்கும் உண்டா?" என்றாள். சொல்வதற்கு முன்பே பையை மெஷினில் போட்டேன்.

அப்பா அவளிடம் போய் இரண்டு கையையும் கூப்பினார். அவள் பதறிவிட்டாள். "ஐயோ, இன்னாண்ணா இது, போங்கண்ணா" என்றாள். அப்பா கையை இறக்கிவிட்டு, "இங்க கரண்ட் போச்சுன்னா இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

"போனா ஜெனரேட்டர் ஓடும்ணா. உங்க வூட்டுலதான் இருட்டு."

அப்பா சிரித்தார். கேட்டுக்கு இந்தப் பக்கமே நின்று, நான் பிளாட்பாரத்துக்கு இறங்கி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பாதி இறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். வேட்டி கட்டிய ஒரே ஆளாக அந்தப் பெரிய வெளிச்சத்துக்கு நடுவில் நின்றிருந்தார். திரும்பிப் போகிறவர்கள் அவரை இடித்துக்கொண்டு போனார்கள். அவர் நகரவில்லை.

ரயில் வந்தது. இரண்டு கதவும் ஒன்றாகத் திறந்தன. ஏறி உட்கார்ந்தேன். மண்ணடியில் ஃபர்ஹானா ஏறினாள். என் மடியைப் பார்த்தாள்.

"எங்கடி கொழந்த?"

குனிந்து பார்த்தேன். பை கீழே, என் காலடியில் கிடந்தது. அதை எப்போது கீழே வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.